நீலச் சட்டைக்குள் இருந்தவன்

என் தம்பி பரமலிங்கம் செத்துப்போனான் என்று ஊர் ஒருமுறை முடிவு கட்டியது. பிணத்தைக் கொண்டுவந்து முற்றத்தில் கிடத்தி, அவன் பெண்சாதியின் தாலியைக் கழற்ற ஆளையும் கூப்பிட்டுவிட்டார்கள். நான் ஒருத்திதான் இல்லை என்றேன். அதற்காக என்னைப் பைத்தியம் என்றவர்களும் உண்டு. சொல்லட்டும். என் தம்பியின் கதையை நான் முதலில் இருந்துதான் சொல்வேன்.

நாங்கள் நீர்வேலி ஆட்கள். வாழைத்தோட்டம். அப்பா குலை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். நான் மூத்தவள், பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை; தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாழைக்குத் தண்ணீர் கட்டினேன். பரமலிங்கம் எட்டாம் வகுப்போடு கொழும்புக்குப் போனான். கடை, பேக்கரி, லொறி என்று எங்கெல்லாமோ நின்று, கடைசியில் ஒரு யப்பான் கொம்பனியில் வான் ஓட்டும் வேலை கிடைத்தது. அங்கே ஒகுமுரா என்று ஒரு எஞ்சினியர். கட்டையான மனிதர், கோபக்காரர். ஆனால் மத்தியானச் சோற்றை வானுக்குள் தம்பியோடு இருந்துதான் சாப்பிடுவாராம். வான் ஓட ஓட அவருடைய பாஷையைத் தம்பி பிடித்துக்கொண்டான். எழுத வராது. வாயால் மட்டும்.

அந்தப் பாஷையில் ஒரு சங்கதி இருக்கிறது என்று லீவில் வரும்போது எங்களுக்குச் சொல்வான். நாங்கள் மழை வரும் என்றால் மழை வரும் என்று விட்டுவிடுகிறோம். அவர்கள் அப்படி விடமாட்டார்களாம். வானம் கறுத்திருப்பதைப் பார்த்துச் சொன்னால் பேச்சின் வாலில் ஒன்று வைப்பார்களாம். றேடியோவில் கேட்டுச் சொன்னால் வேறொன்று. விடிய எழும்பி முற்றம் நனைந்து கிடப்பதைப் பார்த்து இரவு பெய்திருக்கிறது என்று யோசித்துச் சொன்னால் இன்னொன்று.

"கண்டதுக்கும் கேட்டதுக்கும் நினைச்சதுக்கும் ஒரே வாலை வைச்சால் ஒகுமுரா துரைக்குக் கோவம் வரும், அக்கா," என்பான். "ஒருநாள் பாலம் உடைஞ்சு போச்சு எண்டு சொல்லிப்போட்டன். வானை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, கண்டனியோ, ஆரும் சொன்னவையோ எண்டு கேட்டுத் துளைச்சுப்போட்டார்."

உவமைக்கும் அப்படித்தானாம். பெரிய ஆள் ஒருவர் குழந்தைமாதிரி அழுதால் அதற்கு 'மிதாய்'. பார்க்க அப்படி, ஆனால் அது இல்லை. குழந்தையே குழந்தையின் இயல்போடு இருந்தால் அதற்கு 'ராஷி'. இதைக் கேட்ட ஊர்ப் பொடியள் அவனுக்கு மிட்டாய் மாஸ்ரர் என்று பெயர் வைத்தார்கள். அவன் பெண்சாதி குணலட்சுமி வாய்க்காரி. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"இஞ்சருங்கோ, நான் உங்கடை பெண்சாதி எண்டாவது நிச்சயமாத் தெரியுமோ, இல்லை, அதுவும் பெண்சாதிமாதிரியோ?"

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டு, "நீ ராஷி," என்றான்.

"அதென்ன கோதாரியோ," என்று அவள் அகப்பையை ஓங்கினாள். ஆனால் அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது மீன்துண்டும் விழுந்தது.

பிறகு எண்பத்துமூன்று ஆடி வந்தது.

அதைத் தம்பி எனக்குச் சொன்ன அளவுக்குத்தான் நான் சொல்வேன். பக்கத்தில் ஒகுமுரா துரை, வானை ஓட்டினது தம்பி. ஒரு சந்தியில், தமிழரைத் தேடி நின்ற சிங்களக் கூட்டம் மறித்தது. கையில் பொல்லு, கத்தி, பெற்றோல் போத்தல். வெளிநாட்டுத் துரையைக் கண்டதும், துரையின் சாரதி தங்கள் ஆளாகத்தான் இருப்பான் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஓட்டோவில் இருந்தவனைத்தான் இழுத்தார்கள். அவனுக்குக் காது குத்தியிருந்தது. கறுத்த ஆள், மீசைக்காரன். பார்க்கத் தமிழன்மாதிரி. அவன் சிங்களத்தில் குழறினான், தான் சிங்களவன் என்று. நல்லாய்ச் சிங்களம் படித்த தமிழன் என்று சொல்லி ஒருவன் பொல்லால் வாயில் அடித்தான். பல்லுப் போன வாயால் அவன் திரும்பவும் சிங்களத்தில்தான் குழறினானாம். ரயரைக் கழுத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். எரிந்துகொண்டு நாலைந்து அடி ஓடி வானின் முன்பக்கத்தில் வந்து விழுந்தான். அவன் கைகள் கண்ணாடியில் பட்ட இடம் கறுத்துப் போயிற்றாம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டு சிங்களத்தில் ஒப்பாரி வைத்தாள். கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததாம். பிறகு அடுத்த வாகனத்துக்குப் போனதாம்.

தம்பி வானை எடுத்த நேரம், யாரோ ஒருவன் அவனை அடையாளம் கண்டு கத்தினான். போத்தல் ஒன்று பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து தம்பியின் முதுகில் வெடித்தது. ஒகுமுரா துரை தன் வெறுங்கையால் அடித்து அடித்து அந்த நெருப்பை அணைத்தார். அவருடைய உள்ளங்கைத் தோல் தம்பியின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். அகதி முகாமுக்கு அவர் கையில் கட்டோடு வந்து, ஒரு நீலச் சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிர்நீலம். நல்ல துணி. கொலருக்குள் யப்பான் எழுத்தில் ஒரு துண்டு தைத்திருக்கும். அந்தச் சட்டையோடுதான் தம்பி கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினான்.

முதுகுக் காயத்துக்கு நான்தான் மருந்து கட்டினேன். வலது தோளில் இருந்து இடுப்பு வரைக்கும், உருகின மெழுகுமாதிரி. அந்த முதுகை எனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்தபிறகு தம்பி தமிழையும் யப்பான்காரர்மாதிரித்தான் கதைத்தான். முன்பு அது பகிடி. இப்போது அது நோய். ஏரம்பு அண்ணையின் மாடு செத்துப்போச்சோ என்று கேட்டால், "செத்துப்போச்செண்டு சொல்லுகினம். நான் காணேல்லை," என்பான். அவன் ஒரு துரோகி, இவன் ஒரு காட்டிக்கொடுத்தவன் என்று சந்தியில் கதை நடந்தால் எழும்பி வந்துவிடுவான். அந்தக் காலத்தில் இயக்கப் பொடியள் ஒருவனை லைற் போஸ்ற்றில் கட்டிச் சுடுவதற்கு ஒரு 'போல' போதும். பொடியள் யப்பானுக்குப் போக என்று அவனிடம் நாலு சொல்லுப் படிக்க வருவார்கள். அவர்களுக்கும் முதலில் அந்த வால்களைத்தான் சொல்லிக்கொடுத்தான்.

எண்பத்தெட்டில் எங்கள் ஒழுங்கைக்கு அங்கால், பெரிய ரோட்டில் கண்ணிவெடி வெடித்தது. இந்திய ஆமிக்காரர் செத்தார்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. வாழை இலையில் எல்லாம் இரத்தமும் தசையும் தெறித்துக் கிடந்ததைக் கண்டேன். செய்தவன் தோட்டத்துக்குள்ளால் ஓடியிருக்கிறான். ஓடும்போது வேலிக் கம்பியில் அவனுடைய சட்டை மாட்டிக்கொண்டது. கழற்றி எறிந்துவிட்டு ஓடிவிட்டான். வெளிர்நீலச் சட்டை.

எங்கள் பக்கத்தில் வெளுக்கப் போடுகிற உடுப்புக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி இருந்தது. துணியின் ஓரத்தில், கழுவினாலும் போகாத கறுப்பு மையில் குறி வைப்பார்கள். எங்களுக்கு வெளுத்தவள் இரத்தினம்மா. எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் ஒரு வளைவும். எனக்கு எழுத்துத் தெரியாது, அந்தக் குறி தெரியும்.

ஆமி இரத்தினம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து பிள்ளையார் கோயில் வீதியில் போட்டது. ஊர் ஆண்களை எல்லாம் அங்கே வெயிலில் முழங்காலில் இருத்தியிருந்தார்கள். பெண்கள் நாங்கள் மதிலோடு. துவக்குப் பிடியால் அவளுடைய முழங்கையில் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது அடிக்கு அவள் சொன்னாள்:

"ஐயோ, பரமலிங்கத்தார் வீட்டுக் குறி!"

அது உண்மை. ஆனால் ஊருக்குத் தெரிந்த இன்னொரு உண்மை இருக்கிறது. வெளுக்கப் போன உடுப்பு நேரே வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை. கலியாணம், திருவிழா என்றால், நல்லது இல்லாதவர்கள் இரத்தினம்மாவிடம் மெதுவாய்க் கேட்பார்கள். அடுத்த வீட்டுச் சேலையும் சட்டையும் ஒருநாள் அவர்கள் மேலில் போய்வரும். தங்கள் சேலையைக் கோயிலில் இன்னொருத்தி உடுத்திக்கொண்டு நிற்பதைக் கண்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இரவல் என்று யாரும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். பெரிய மானக்கேடு. தம்பியின் நீலச் சட்டை நல்ல துணி. ஊரில் அது ஏறாத தோள் குறைவு.

அதை அங்கே வாய்திறந்து சொன்னால் அடுத்த கேள்வி என்ன? யாருக்குக் கொடுத்தாய்? இரத்தினம்மாவின் மற்றக் கையும் போகும், பிறகு உயிர் போகும். அதனால் ஊர் முழுவதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

ஆமியில் பெரியவன் ஒருவன், தொப்பிக்காரன், ஒரு வழி கண்டுபிடித்தான். சட்டையைத் தம்பியின் மகன் தவநேசனுக்குப் போட்டுப் பார்த்தான். தவநேசன் தாயைப் போல அகலத் தோள்காரன். பொத்தான் பூட்ட முடியவில்லை. பிறகு இளம்பொடியள் எல்லாருக்கும் வரிசையாய்ப் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கு அளவோ அவன்தான் குற்றவாளி. தியாகராசாவின் பொடியனுக்குப் போட்டபோது சட்டை அப்படியே பொருந்தியது. பொடியனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. மூக்கில் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். வயிற்றில் உதைத்தார்கள். சட்டையின் முன்பக்கம் முழுக்க இரத்தம். தாய் என் கையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பல்லின் தடம் இன்னும் இருக்கிறது.

அவர்களோடு மொழிபெயர்க்க ஒருவர் வந்திருந்தார். அவருடைய தமிழ் எங்களுடைய தமிழ் இல்லை. "பொருந்துதுய்யா. இவன்தான். ஒத்துக்கிட்டா அடி நிக்கும்டா," என்று பொடியனிடம் கெஞ்சுகிறமாதிரிச் சொன்னார்.

அப்போது தம்பி எழும்பினான்.

"அது என்ரை சட்டை," என்றான்.

துவக்கெல்லாம் அவன் பக்கம் திரும்பியது.

"என்னய்யா சொல்றே?"

"அது என்ரை சட்டை. எனக்கு ஒருத்தர் வாங்கித் தந்தது. கழுத்துப்பட்டிக்குள்ளை யப்பான் எழுத்து இருக்கு, பாருங்கோ. நான் போட்டால் எனக்கு அளவாயிருக்கும்."

இரத்தச் சட்டையைப் பொடியனிடம் இருந்து கழற்றித் தம்பிக்குப் போட்டார்கள். அளவாகத்தான் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் தொப்பிக்காரனிடம் ஏதோ சொன்னார். தொப்பிக்காரன் சிரித்தான். வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. துவக்குப் பிடி தம்பியின் தாடையில் இறங்கியது. மரக்கொப்பு முறிகிற சத்தம். அவனைக் காலில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ட்ரக்கில் எறிந்தார்கள். குணலட்சுமி மண்ணில் விழுந்து உருண்டாள்.

தம்பி தன்மேல் பழியைப் போட்டுப் பொய் சொன்னான் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. அவன் பொய் சொல்லவே இல்லை. தன் சட்டை என்றான். அது அவன் சட்டைதான். மிச்சத்தை அவர்கள் தாங்களாக நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டம் சந்தியில் துரையைப் பார்த்து நினைத்தமாதிரி. வெடி வெடித்த அன்றைக்கு அந்தச் சட்டையை எவன் போட்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. தியாகராசாவின் பொடியன்தான் என்று சொல்கிறார்கள். நான் காணவில்லை.

அதற்குப் பிறகு தவநேசனும் நானும் காம்ப் வாசலுக்கு நடந்தோம். காலையில் போவோம், வெயில் ஏற விரட்டுவார்கள், திரும்பி வருவோம். உள்ளே ஆளே இல்லை என்பார்கள். ஒருநாள் இருக்கிறான் என்பார்கள். அந்த ஒருநாளுக்காகத்தான் மற்ற நாளும் போனோம்.

ஒரு விடியப்புறம், ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் சைக்கிளில் வந்தார். கோப்பாய்ப் பக்கத்துப் பாழ்கிணற்றில் ஒரு பிணம். முகம் இல்லை, ஒன்றில் துவக்குச் சூடு, இல்லாவிட்டால் கிணற்றில் போடமுதல் நாய். ஊதிப்போயிருந்தது. மேலில் வெளிர்நீலச் சட்டை. ஓரத்தில் இரண்டு புள்ளியும் ஒரு வளைவும்.

குணலட்சுமி கேட்டதும் விழுந்துவிட்டாள். ஊர் கூடிவிட்டது. பறை சொல்ல ஆள் போய்விட்டது. பிணத்தை ட்ரக்டரில் கொண்டுவந்து வாழையிலையில் கிடத்தினார்கள். மணம் தாங்க முடியவில்லை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவசரப்பட்டார்கள்.

நான் சட்டையைப் பார்த்தேன். குறியைப் பார்த்தேன். கொலருக்குள் யப்பான் எழுத்தையும் பார்த்தேன்.

"சட்டை தம்பியின்ரைதான்," என்றேன். "ஆளைத் திருப்புங்கோ. முதுகைப் பாக்கோணும்."

"அக்கா, பிணம் கையோடை வருது. திருப்ப ஏலாது," என்றார் விதானையார். "குறி இருக்கு, சட்டை இருக்கு, உயரம் சரி. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"முதுகு."

"பிடிவாதம் பிடிக்கிற நேரமே இது? செத்தவனைப் போகவிடுங்கோ."

"செத்தவன் ஆரெண்டு தெரியாமல் ஆரைப் போகவிடுறது?"

நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. இந்தப் பிணத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டால், நாளைக்குக் காம்ப் வாசலில் எங்களுக்கு வாய் இல்லை. உங்கள் ஆளைத் தந்தாயிற்று என்பார்கள். உள்ளே தம்பி உயிரோடு இருந்தால், அவனை எப்போதும் கொல்லலாம். கேட்க யாரும் வரமாட்டார்கள்.

குணலட்சுமியின் தாலியில் கைவைக்க வந்தவளை நான் தள்ளிவிட்டேன். "மச்சாள், விடுங்கோ," என்று குணம் அழுதாள். "எனக்கு ஏலாது. முடிஞ்சுதெண்டு ஆரும் சொன்னால் போதும்." அவளுடைய கையையும் தட்டிவிட்டேன். யாரும் உதவிக்கு வரவில்லை. இரத்தினம்மா வந்தாள், ஒரு கை துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய நல்ல கையும் என்னுடைய இரண்டு கையுமாய்ச் சட்டையைக் கழற்றி, பிணத்தைத் திருப்பினோம். தோல் கையோடு வந்தது. கண்ணை மூடாமல் பார்த்தேன்.

முதுகில் சிகரெட்டால் சுட்ட புள்ளிகள் இருந்தன. வயர் அடித்த கோடுகள் இருந்தன. மெழுகு உருகின தழும்பு இல்லை. வலது தோள் இளம்பொடியனின் தோள். கழுத்தில் ஏதோ நூலை இழுத்து அறுத்த தடம்.

"இது பரமலிங்கம் இல்லை," என்றேன். "ஆரோ பெத்த பிள்ளை."

தழும்பு அழுகிப்போயிருக்கும் என்றார்கள், அக்காவுக்கு மனம் ஏற்கவில்லை என்றார்கள். கத்தட்டும். அந்த முதுகுக்கு மருந்து கட்டினவள் நான்.

பிறகு, யார் கொள்ளி வைப்பது? தவநேசன் வைத்தால் தகப்பன் செத்ததாகிவிடும். வேறு எவனும் முன்னுக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் சுடலைக்குப் போவதில்லை. நான் போனேன். நான்தான் அந்தப் பிள்ளைக்கு நெருப்பு வைத்தேன். திருநீறு பூசி, தேவாரம் சொல்வித்து, எங்கள் முறையில். சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தேன். அதற்காக மூன்று வீட்டில் என்னோடு கதைக்காமல் விட்டார்கள். சட்டையை மட்டும் எரிக்கவில்லை. இரத்தினம்மா ஒற்றைக் கையால் அதை அவித்து வெளுத்துத் தந்தாள். தம்பி வந்தால் போட வேண்டும் என்று பெட்டகத்தில் வைத்தேன்.

மறுநாள் காம்ப் வாசலில் மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "பாட்டி, உங்களுக்குத்தான் பொணம் கிடைச்சாச்சே."

"அது என்ரை தம்பி இல்லை. என்ரை தம்பியைத் தாங்கோ."

அவர் என்னை ஒருவிதமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வாழையில் ஒரு ஈட்டுக் குலையெல்லாம் வெட்டி முடிகிற காலத்தில் தம்பியை வெளியே விட்டார்கள். என் வாய் காரணமா, வேறு ஏதுமா, நான் சொல்லமாட்டேன். தாடை கோணலாய் ஒட்டியிருந்தது. இரண்டு விரலில் நகம் இல்லை. சிறுநீர் இரத்தமாய்ப் போனது. ஆனால் முதுகு அதே முதுகு. குணலட்சுமி அவனைச் சுற்றிச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தாள். "உண்மையா நீங்கள்தானோ? இல்லை, அவர்மாதிரி ஒரு ஆளோ?" என்று கேட்டு அழுதாள், சிரித்தாள்.

அவன் முதலில் கேட்டது சட்டையை இல்லை.

"அக்கா, எங்கடை குறி போட்ட சட்டையோடை ஒரு பொடியன் வந்தவனோ?"

நான் பெட்டகத்தைத் திறந்து சட்டையை எடுத்துக் காட்டினேன். அதிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

குருநகர்ப் பொடியனாம். வின்சன்ற் என்று பெயர். மீன்பிடி வள்ளத்தில் போய்வந்தவனைக் கரையில் பிடித்திருக்கிறார்கள். அடியில் காய்ச்சல். சீமெந்து நிலத்தில் மேலில் ஒன்றும் இல்லாமல் கிடந்து நடுங்கியிருக்கிறான். தம்பி தன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டான். விடிய அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பிறகு காணவில்லை.

"தாய்க்குச் சொல்லோணும்," என்றான் தம்பி. "நான் கண்டதை நானும், நீ கண்டதை நீயும். கூட ஒண்டும் சொல்லக்கூடாது."

குருநகரில் வின்சன்ற்றின் தாய் மக்டலீனின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. மீன் விற்கிறவள். ஓலைவேலிக்குள் வலை காய்ந்தது. கையில் மீன் செதிலோடு எழும்பி வந்தாள். என் வயதுக்கு இளையவள், கண் இரண்டும் கத்தி.

தம்பி கோணல் வாயால் மெல்ல மெல்லச் சொன்னான். பிறகு நான் சொன்னேன். கிணறு, சட்டை, முதுகு. கொள்ளி வைத்ததையும் சொன்னேன்.

கேட்டு முடிந்ததும் அவள் என் கன்னத்தில் அறைந்தாள். செதில் என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. தம்பி குறுக்கே வந்தான், நான் தடுத்தேன்.

"எரிச்சனியோ? ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையை எரிச்சுக் கடலிலை போட்டனியோ? சேமக்காலையிலை அவன்ரை தேப்பனுக்குப் பக்கத்திலை இடம் கிடக்கடி!"

"எனக்கு ஆரெண்டு தெரியாது, பிள்ளை. ஆரும் வரேல்லை. நாய் தின்ன விடேலாது எண்டு செய்தன்."

அவள் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"முகம் கண்டனியோ?"

"முகம் இல்லை."

"கழுத்திலை நூலிலை கோத்த மாதா உத்தரியம் கிடந்ததோ?"

"நூல் அறுந்த தடம் கிடந்தது."

"நூல் உங்கடை பொடியளும் கட்டுகினம்தானே." அவளுடைய குரல் மாறிவிட்டது. "அப்ப என்னத்தை வைச்சு என்ரை பிள்ளை எண்டு சொல்லுறாய்? சட்டையை வைச்சோ? உன்ரை ஊரெல்லாம் சட்டையை வைச்சு உன்ரை தம்பியைச் செத்ததெண்டு சொன்னது. நீ கேட்டனியோ? உன்ரை தம்பி நடுங்கினவனுக்குச் சட்டையைக் கழட்டிக் குடுத்தான். என்ரை பிள்ளை குடாதவனோ? அவனும் ஆருக்கும் குடுத்திருப்பான். அவன் அப்பிடித்தான். போட்ட சட்டையையும் கழட்டிக் குடுத்திட்டு வந்து என்னட்டை அடி வாங்கினவன்."

 என்னுடைய கதையை எடுத்து என்னையே அடித்துவிட்டாள். தம்பியைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"ஓமம்மா. அப்பிடியும் இருக்கலாம். நான் காணேல்லை."

பெட்டகத்தில் இருந்து கொண்டுபோன சட்டையை நீட்டினேன். அவள் வாங்கி முகத்தில் வைத்து மணந்து பார்த்தாள். சவர்க்கார மணம்தான் இருந்திருக்கும். மடிப்புக் குலையாமல் திருப்பித் தந்தாள்.

"இது உங்கடை சட்டை. கொண்டு போங்கோ. என்ரை பிள்ளை வந்து கேட்டால் நான் வேறை வாங்கிக் குடுப்பன்."

நாங்கள் படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கிவிட்டோம். கொஞ்சத் தூரம் போனபிறகு, "தம்பி," என்று அவள் கூப்பிட்டாள். என்னை இல்லை, பரமலிங்கத்தை. படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவனுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனீங்கள். சட்டையைப் போட்டாப்பிறகு நடுக்கம் நிண்டதோ?"

"நிண்டது," என்றான் தம்பி. "என்ரை தோளிலை தலையை வைச்சு நித்திரை கொண்டவன். அதை நான் கண்டனான்."